பெரிய பெட்டை, சின்னப் பொலி: உயரம் மாறிய குதிரைகளை இணை சேர்க்கும் முறை

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் மட்டக்குதிரை 44 அங்குலம் இருந்தாலே அதிகம். கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் மார்வாரிக் கலப்பு 60 அங்குலத்தைத் தாண்டும். எங்கள் பக்கம் இந்த இரண்டையும் ஒரே கொட்டகையில் கட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. அதனால், "அண்ணே, இதையும் அதையும் சேர்த்தால் நடுவாந்திரமாக ஒரு குட்டி கிடைக்குமா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வருவார்கள். கிடைக்கும். ஆனால் எது பெட்டை, எது பொலி (இனத்துக்கு விடும் ஆண் குதிரை) என்று தெரியாமல் நான் பதில் சொல்வதில்லை. பெட்டை பெரிதாகவும் பொலி சிறிதாகவும் இருந்தால் மேலே பேசலாம். நேர்மாறாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணத்தை விளக்க 1938க்குப் போக வேண்டும். கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் ஷயர் இனத்தையும் ஷெட்லாந்து இனத்தையும் இரண்டு திசையிலும் கலந்து பார்த்து, முடிவுகளை அந்த வருடம் வெளியிட்டார்கள். ஷயர் பாரவண்டி இழுக்கும் பிரம்மாண்டமான குதிரை, ஷெட்லாந்து 42 அங்குலத்தைத் தாண்டாத மட்டக்குதிரை. அதனால் விந்தூசி மூலம்தான் சேர்த்தார்கள். ஷயர் பெட்டை போட்ட கலப்புக் குட்டி, ஷெட்லாந்துப் பெட்டை போட்ட கலப்புக் குட்டியைப் போல சுமார் மூன்று மடங்கு எடை இருந்தது. இரண்டுக்குமே ரத்தம் பாதிக்குப் பாதிதான். ஷெட்லாந்துத் தாய், தன் சொந்த இனக் குட்டி எந்த அளவில் இருக்குமோ அந்த அளவில்தான் கலப்பையும் போட்டது. வளர வளர அந்த வித்தியாசம் குறைந்தது, ஆனால் மறையவில்லை.

குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பையின் உள்சுவர் முழுவதும் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுவரின் பரப்பு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் குட்டிக்கு ஊட்டம் போகும். சின்ன நாட்டுக் கிடேரிக்குப் பெரிய இனக் காளையின் ஊசி போட்டு, கன்று வெளியே வராமல் தவித்ததைப் பார்த்தவர்கள் குதிரைக்கும் அதே பயத்தோடு வருகிறார்கள். ஆனால் குதிரையில் குட்டியின் வளர்ச்சிக்குத் தாய்தான் கடிவாளம் பிடிக்கிறாள்.

அப்படியானால் மட்டப் பெட்டைக்குப் பெரிய குதிரையை விட்டாலும் ஆபத்தில்லையே என்று கிளம்பிவிடாதீர்கள். தாய் வளர்ச்சியை அடக்கினால் அதன் விலையைக் குட்டி கொடுக்கிறது. இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டில் தரோபிரெட் என்ற பெரிய பந்தயக் குதிரையின் கருவை மட்டக்குதிரையின் வயிற்றில் வைத்து வளர்த்தபோது குட்டிகள் வளர்ச்சி குன்றிப் பிறந்தன. அது போக, நேரடியாகச் சேர்க்கும்போது 350 கிலோ குதிரை 180 கிலோ பெட்டையின் மேல் ஏறினால் இடுப்பு என்ன ஆகும்? பிறப்புறுப்பின் உள்ளே கிழிந்து பெட்டை செத்தும் போகலாம். பொலி பெட்டையைவிட 4 அங்குலத்துக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது என்பது நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் கணக்கு. பொலி குள்ளமாக இருந்தால் 10, 12 அங்குலம் குறைந்தாலும் சமாளிக்கலாம்.

கண்ணால் பார்த்து உயரம் சொல்லாதீர்கள், நாடாவை எடுங்கள். சமதரையில் நிறுத்தி, பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். எடைக்கும் ஒரு வழி இருக்கிறது. முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். 130 சுற்றளவும் 125 நீளமும் உள்ள மட்டக்குதிரை சுமார் 178 கிலோ.

அடுத்தது காலம். இதற்கு நம் ஊர் மழையைத்தான் பார்க்க வேண்டும். குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 340 நாள், அதாவது பதினொரு மாதம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகை ஈரமாக இருக்கும், புயல் வந்தால் மருத்துவர் வர வழியிருக்காது. 2011இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது டிசம்பர் 30ஆம் தேதி. அந்த மாதிரி ராத்திரியில் குட்டி பிறக்கக் கூடாது. மாசியிலிருந்து சித்திரைக்குள் சேர்த்தால் தையிலிருந்து பங்குனிக்குள் குட்டி வந்துவிடும். பகல் நீளும் காலம் என்பதால் பெட்டைகளும் அப்போது நன்றாகப் பருவத்துக்கு வரும். வைகாசியைத் தாண்டிச் சேர்த்தால் குட்டி கத்திரி வெயிலில் கண் விழிக்கும்.

சேர்ப்பதற்கு முன்னால் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றும், இதில் நட்புக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து, ஐந்து முதல் ஏழு நாள் அதில் இருக்கும். வாலைத் தூக்கும், கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும், பிறப்புறுப்பின் உதடு திறந்து திறந்து மூடும். பலகைக்கு அந்தப் பக்கம் ஆண் குதிரையை நிறுத்திக் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும். கருமுட்டை வெளியாவது பருவத்தின் கடைசி ஒன்றிரண்டு நாளில். அதனால் இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி, பெட்டை மறுக்கும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்க வேண்டும்.

குள்ளப் பொலிக்கு எட்டாத உயரத்துக்கு மண்மேடுதான் வழி. சரிவான இடத்தில் பெட்டையைப் பள்ளத்திலும் பொலியை மேட்டிலும் நிறுத்துங்கள். மேடு நன்றாக இறுகியிருக்க வேண்டும், கடற்கரை மணலைக் குவித்தால் பின்கால் வழுக்கும். பெட்டையின் பின்கால் லாடத்தைக் கழற்றி, வாலைத் துணியால் சுற்றி, பிறப்புறுப்பைக் கழுவிவிடுங்கள். பெரிய பெட்டை ஒரு உதை விட்டால் மட்டக்குதிரையின் கால் எலும்பு முறிந்துவிடும். அதனால் அது முழு மனதாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பொலியைக் கொண்டுவர வேண்டும். விந்தூசி இன்னும் பாதுகாப்பானது. ஹிசாரில் தலைமையிடமும் பிகானேரில் கிளையும் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அதைச் செய்கிறது. ஆனால் பசுவுக்குப் போடுவது போல ஊர் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சேர்த்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். சினையா இல்லையா என்பதைவிட இரட்டையா என்று தெரிவது முக்கியம். குதிரைக்கு இரட்டை பெரும்பாலும் தங்காது, தாயையும் கெடுக்கும். இந்த நாட்களில் தெரிந்தால் மருத்துவர் ஒன்றை நீக்கி மற்றதைக் காப்பாற்ற முடியும். புதுச்சேரிக் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மட்டப் பெட்டைக்கு ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்ப்பது கடினம், குதிரை பார்த்துப் பழகியவர்தான் வேண்டும்.

கடைசி மூன்று மாதத்தில்தான் குட்டி வேகமாக வளரும். அப்போது கொள்ளும் தவிடும் கூட்டலாம். மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொடி நல்ல தீவனம், ஆனால் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கட்டு ஒன்றைக்கூடப் போடாதீர்கள். வெறும் மணலில் தீவனத்தைக் கொட்டினால் மணல் குடலில் தங்கி வயிற்றுவலி வரும், தொட்டியில் வையுங்கள். மட்டப் பெட்டைக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. சினையாக இருக்கும்போது அது தீனியை நிறுத்தினால் உடம்பின் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஏறி, ஈரல் கெட்டுச் சில நாளில் இறந்துவிடலாம். குண்டாக இருக்கிறதே, ஒருநாள் பட்டினி கிடந்தால் என்ன என்று நினைக்காமல் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். குட்டி போட ஒரு மாதத்துக்கு முன் தாய்க்கு டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும்.

காம்பு நுனியில் மெழுகு போலப் படிந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்தான். பெரும்பாலும் ராத்திரியில்தான் போடும். நீர்க்குடம் உடைந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள், அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். வெள்ளைச் சவ்வுக்குள் இரண்டு முன்கால், அதன் மேல் மூக்கு, இதுதான் சரியான வரிசை. உள்ளங்கால் மேலே பார்த்தாலோ, ஒரு கால் மட்டும் வந்தாலோ இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெள்ளைச் சவ்வுக்குப் பதில் வெல்வெட் போன்ற சிவப்புப் பை வந்தால் மட்டும் காத்திருக்க நேரமில்லை. நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை. பையை அப்போதே கிழித்துக் குட்டியை எடுக்க வேண்டும். இதற்குத்தான் ராத்திரி ஆள் படுக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

பிறந்து ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். மூன்றில் எது தவறினாலும் மருத்துவர்தான். சீம்பால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் போனால்தான் முழுப் பலன். ஒரு நாள் கழிந்தால் குடல் அதன் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சாது. தொப்புளை நீர்த்த குளோர்ஹெக்சிடினில் முக்கியெடுங்கள்.

இந்தக் குட்டி பெற்றவர்கள் இருவருக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வரும். ஆனால் அதையும் அதே மாதிரிக் கலப்போடு சேர்த்தால் ஒரு குட்டி பாட்டியைப் போல நெடுநெடுவென்றும் அடுத்தது தாத்தாவைப் போலக் குள்ளமாகவும் வரலாம். உயரத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் அந்தத் தலைமுறையில் கலைந்து விழும். ரேக்ளாவில் நடுக்குதிரை, கரிச்சான் குதிரை என்று அளவு பார்த்து ஓட்டுபவர்கள் முதல் தலைமுறைக் கலப்பை நம்பலாம், இரண்டாவதை நம்பி முன்பணம் வாங்கக் கூடாது. மிகக் குள்ளமான பொலியை வாங்கும்போது நெற்றி புடைத்து, தாடை கோணி, கால் வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். சிறு இனங்களில் வரும் குள்ள மரபு நோய் அது. பெற்றோர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் இருவரிடமும் மறைந்திருந்து குட்டியில் வெளிப்படும். அவற்றின் பழைய குட்டிகளையும் நேரில் பாருங்கள்.

ஆறு மாதத்தில் பால் மறக்கடிக்கலாம். ஆண் குட்டியை ஒரு வயதுக்குள் பெட்டைகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள், பொலிக்கு வைக்கப் போவதில்லை என்றால் காயடித்துவிடுங்கள். மட்டக்குதிரைதானே, எட்டாது என்று அவிழ்த்துவிடாதீர்கள். கொட்டகைக்குப் பின்னால் சாணக்குவியல் ஒன்று இருந்தாலே அதற்குப் போதும்.