புகைப்பவர் வீட்டில் இரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி?

இதயப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நோயாளிகள் கொண்டுவரும் இரத்த அழுத்தக் குறிப்பேடுகளைப் புரட்டுவது என் அன்றாட வேலை. புகைப்பவர்களுடைய குறிப்பேடு பல நேரங்களில் அழகாகவே இருக்கும். எனக்குச் சந்தேகம் எழுவதே அங்கேதான். காலையில், முதல் சிகரெட்டுக்கு முன் பார்த்த எண்ணை மட்டும் எழுதியிருப்பார்கள்.

முறைப்படி பார்ப்பது அவசியம்தான். புகைத்தோ காபி குடித்தோ அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையில் சுற்றும் பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள்.

பக்கத்திலேயே, புகைத்தபின் பார்க்கும் எண்ணுக்கென்று இன்னொரு பத்தி போடுங்கள். இதற்காகவே ஒரு சிகரெட்டைப் பற்றவைக்க வேண்டாம். எப்படியும் புகைக்கத்தான் போகிறீர்கள் என்றால், முடித்த சில நிமிடங்களில் மறுபடி பாருங்கள். மேல் எண் 5 முதல் 10 வரை, நாடித்துடிப்பு 10 முதல் 15 வரை ஏறியிருந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். புகையோடு போன நிகோட்டின் 10 முதல் 20 நொடிகளுக்குள் மூளையை எட்டிவிடும். உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்புகளும் அட்ரீனல் சுரப்பியும் தூண்டப்பட்டு, அட்ரினலின் இரத்தத்தில் இறங்கும். இதயம் விரைந்து துடிக்கும், அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். அந்த நேரம் பார்த்து, இதயத்துக்கே இரத்தம் தரும் கரோனரி நாளங்கள் சுருங்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால், வந்துசேரும் இரத்தத்திலும் ஆக்சிஜன் குறைவு. வேலையைக் கூட்டிவிட்டுக் கூலியைக் குறைக்கிற கதைதான்.

இரத்தத்தில் நிகோட்டின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த சிகரெட் வந்துவிடுகிறது. ஆகவே மருத்துவரின் அறையில் ஒழுங்காகத் தெரியும் அழுத்தம், பகல் முழுவதும் உயர்ந்தே இருக்கக்கூடும். எண்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இருந்தால், 24 மணி நேரமும் அழுத்தத்தைப் பதியும் கருவி வைத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

புகையிலை மெல்பவர்களுக்கு அரை மணிக் கணக்கு சரிப்படாது. கன்னத்தின் வழியே மெதுவாக ஏறும் நிகோட்டின் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் உச்சத்தைத் தொடும். துப்பிய பிறகும் சட்டென்று இறங்காது. கடைசியாக எப்போது வாயில் அடக்கினீர்கள் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மின்சிகரெட்டில் கார்பன் மோனாக்சைடு இல்லையே என்பார்கள். சரி, நிகோட்டின் இருக்கிறதே?

விட நினைப்பவர்கள் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அது மெதுவாக ஏறும், புகை கிடையாது. இதயத்துக்குச் சிகரெட்டைவிட எவ்வளவோ மேல். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். நிகோட்டின் சூயிங் கம் என்றால் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்குங்கள்.

நெஞ்சு இறுக்கமோ, கையிலும் தாடையிலும் பரவும் வலியோ வந்தால் கருவியைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

புகையை விட்ட முதல் வாரமே காபியையும் பாதியாகக் குறையுங்கள். புகைக்கும்போது காஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும். விட்டபின் அது உடலில் நெடுநேரம் தங்கும். அதனால் வரும் படபடப்பை, புகையை விட்டதால் வந்தது என்று எண்ணி மறுபடி பற்றவைப்பவர்களும் உண்டு.