கடல் மீன் தொட்டிக்குப் பம்ப் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் கடல் மீன் பக்கம் வரும்போது உப்பு, விளக்கு, மீன் என்று எல்லாவற்றையும் யோசித்து வாங்கிவிட்டு, மிச்சமிருக்கும் காசுக்கு ஒரு பம்ப் எடுப்பார்கள். பம்பிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் கட்சி. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரில் சுமார் 6.8 மில்லிகிராம்தான். சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் அதுவும் குறையும். நீரின் மேற்பரப்பு இடைவிடாமல் புரண்டுகொண்டிருந்தால்தான் காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே இறங்கும். மீன் நிறைய உள்ள தொட்டியில் பம்ப் நின்றால், சில மணி நேரத்திலேயே அவை மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பித்துவிடும்.

ஆகவே ஒரு பம்பை நம்பலாமா என்று பார்க்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது, யாரும் தட்டாமல் தானாக ஓடுமா? தேய்ந்துபோகும் இம்பெல்லர் (உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் காந்த விசிறி) தனியாக நம்ம ஊரில் கிடைக்குமா? சத்தம், விலை, ஆப் வசதி எல்லாம் அப்புறம்.

கணக்குப் போட எளிதாக 90×45×45 சென்டிமீட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் பாறை, கீழே சம்ப் (தண்ணீர் இறங்கிச் சுத்தமாகும் இன்னொரு சின்னத் தொட்டி).

படி 1: எந்த வேலைக்கு எந்தப் பம்ப்

இரண்டு வேலைகள், இரண்டு வகைப் பம்புகள். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது ரிட்டர்ன் பம்ப். தொட்டிக்குள்ளேயே தண்ணீரைச் சுழற்றுவது பவர்ஹெட் அல்லது வேவ்மேக்கர். முன்னது உயரம் ஏற்ற வேண்டும். பின்னது உயரமே ஏற்றாமல் அதிகத் தண்ணீரை அகலமாகத் தள்ளும். ஒன்றை வாங்கி இரண்டு வேலையையும் வாங்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாக இருக்கும்.

படி 2: எத்தனை லிட்டர் வேண்டும்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். நம் தொட்டிக்கு 182 லிட்டர் வரும். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் உண்மையில் 150 லிட்டர்.

உட்சுழற்சிக்கு, மீன் மட்டும் உள்ள தொட்டியில் மணிக்குத் தொட்டித் தண்ணீரின் 10 முதல் 20 மடங்கு போதும். 20 மடங்கு என்று வைத்தால் 3000 லிட்டர். கல் பவளங்கள் வளர்ப்பவர்கள் 40 மடங்குக்கு மேலும் போவார்கள், அது இப்போது வேண்டாம். (நம் கடலின் பாறை கட்டும் பவளங்களுக்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது காட்டினால், விலை கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.)

3000 லிட்டருக்கு ஒரே பெரிய பம்ப் வாங்காமல், 1500 முதல் 2000 லிட்டரில் இரண்டு வாங்குங்கள். ஒன்று நின்றாலும் இன்னொன்று மீனைக் காப்பாற்றும். புதிதாக வருபவர்களிடம் நான் விட்டுக்கொடுக்காமல் சொல்வது இது ஒன்றைத்தான்.

படி 3: ரிட்டர்ன் பம்புக்கு உயரத்தை அளங்கள்

ரிட்டர்னுக்கு மணிக்கு 5 மடங்கு, அதாவது 750 லிட்டர் மேலே வந்தால் போதும். கடைக்காரரிடம் "750 லிட்டர் பம்ப் கொடுங்க" என்று கேட்டால் ஏமாந்துவிடுவீர்கள்.

சம்பில் நிற்கும் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை டேப்பால் அளங்கள். முக்கால் மீட்டர் ஸ்டாண்டின் மேல் நம் தொட்டி இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்கு வரும். குழாயில் உள்ள எல்போக்களுக்காகக் கொஞ்சம் கூட்டி 1.2 மீட்டர் என்று வையுங்கள்.

இப்போது பெட்டியைப் பாருங்கள். 2000 லிட்டர், எச்-மேக்ஸ் (அதிகபட்ச உயரம்) 2 மீட்டர் என்று போட்டிருக்கிறது. உயரமே இல்லாமல் ஓட்டினால் 2000 லிட்டர். 2 மீட்டர் உயரத்தில் பூஜ்யம், தண்ணீர் குழாய்க்குள்ளேயே நிற்கும், வெளியே விழாது. 1.2 மீட்டரில் ஏறக்குறைய பாதி வந்தால் பெரிது. நம் 750-க்கு இந்தப் பம்ப் சரி. நல்ல நிறுவனங்கள் எந்த உயரத்தில் எவ்வளவு என்று ஒரு வளைகோட்டுப் படமே அச்சிடுவார்கள். அது இல்லாத பெட்டியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

படி 4: உள்ளே என்ன இருக்கிறது

இம்பெல்லரை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அச்சு செராமிக்காக இருக்க வேண்டும். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடல்நீரில் துருப்பிடிக்கும். காந்தத்தின் மேல் பிளாஸ்டிக் உறை விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். விரிசல் வழியாக உப்புநீர் இறங்கினால் காந்தம் துருவேறி உப்பிப்போய், பம்ப் இறுகிவிடும். தண்ணீர் படும் இடத்தில் செம்பு கூடவே கூடாது, அனிமோனுக்கும் (கடல் சாமந்தி) இறாலுக்கும் அது விஷம்.

விலை மலிவு என்று ஏர் கூலர் பம்ப், நீரூற்றுப் பம்ப் வாங்கிப் போடுபவர்கள் உண்டு. அவை உப்புநீருக்காகச் செய்தவை இல்லை.

பெயர்கள் கேட்பீர்கள். ஜெர்மனியின் எஹைம், டுன்ஸே, இத்தாலியின் சிச்சே ஆகியவை பழைய நிறுவனங்கள். சீனாவின் ஜெபாவ் விலையில் குறைவு. அமெரிக்காவின் ஈக்கோடெக் நிறுவனத்தின் வோர்டெக் வகையில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருக்கும், காந்தத்தால் உள்ளே விசிறி சுற்றும். முதல் தொட்டிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

படி 5: ஏ.சி.யா, டி.சி.யா

ஏ.சி. பம்ப் நேராக 230 வோல்ட்டில் ஓடும், பாகங்கள் குறைவு, விலையும் குறைவு. டி.சி. பம்ப் பெரும்பாலும் 24 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சத்தமும் கம்மி. ஆனால் கன்ட்ரோலர் என்று இன்னொரு பெட்டி சேர்கிறது. உப்பு ஈரம் பட்டால் அதுதான் முதலில் போகும். சம்ப் அலமாரிக்குள் வைக்காமல் உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவா, ஸ்கொயர் வேவா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவில் ஏ.சி. பம்ப் உறுமும், சூடாகும். இன்வெர்ட்டரே இல்லை என்றால், பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

வாட்டையும் கவனியுங்கள். 40 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட். இரண்டு மாத பில்லில் 58 யூனிட். தண்ணீருக்குள் மூழ்கிய பம்ப் என்றால் அந்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். கோடையில் அதுவே தலைவலி.

படி 6: வாளிச் சோதனை

வாங்கியதும் தொட்டியில் போடாதீர்கள். ஒரு வாளி உப்புநீரில் மூழ்கவைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி செருகுங்கள். பத்துத் தடவையாவது செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் தானாக ஓட வேண்டும். சுற்றாமல் முனகினாலோ, கடகடவென்று அடித்தாலோ பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

படி 7: பொருத்துவது

இரண்டு பவர்ஹெட்டுகளையும் எதிரெதிர்ப் பக்கக் கண்ணாடியில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில், சற்று மேல்நோக்கி வையுங்கள். காந்தப் பிடியில் எந்தத் தடிமன் கண்ணாடிக்கு என்று போட்டிருக்கும், உங்கள் கண்ணாடியோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் மீன் தீனியைத் தூவிப் பாருங்கள். அது போய்த் தேங்கும் மூலைதான் கழிவும் தேங்கப்போகும் மூலை. அனிமோன் வைக்கும் எண்ணம் இருந்தால் பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். அது ஊர்ந்து போய் விசிறியில் சிக்கும்.

கரண்ட் போனால் ரிட்டர்ன் குழாய் வழியாக மேல்தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போட்டால், மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து இறக்கம் நிற்கும். அந்த அளவு தண்ணீரைத் தாங்கச் சம்பில் இடம் விடுங்கள். பம்பை நிறுத்தி, சம்ப் வழிகிறதா என்று நேரிலேயே பாருங்கள். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்ப வேண்டாம், சுண்ணாம்பு படிந்தால் மூடாது.

எல்லா வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் வளைவாக இறங்கி, பிறகு ஏற வேண்டும். அப்போதுதான் ஒழுகும் தண்ணீர் வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர்) இல்லாத இணைப்பில் கடல் தொட்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். தொட்டிக்குள் கை விடும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

படி 8: கழுவுவது

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அதில் ஊறவையுங்கள். சுண்ணாம்புப் படிவு கரைந்ததும் பழைய டூத் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிப் பொருத்துங்கள். அப்போதே அச்சு தேய்ந்திருக்கிறதா, காந்தம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்று இம்பெல்லர் ஒன்றைப் பம்ப் வாங்கும் அன்றே சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ சேர்த்து வாங்கி, மாடல் எண்ணை எழுதி ஸ்டாண்டுக்குள் போட்டுவையுங்கள்.