கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்: ஹேண்ட் கியர் வண்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டா பக்கம் பழைய வண்டிகளுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசிடர்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். பந்தல் சாமான், சமையல் பாத்திரம் ஏற்ற மேட்டடார் வேனைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பிரீமியர் பத்மினியை ஆசைக்காக வாங்கி நிறுத்துகிறவர்களும் உண்டு. வாங்குகிறவர்களில் பலர் தரையில் கியர் உள்ள வண்டியில் ஓட்டப் பழகிய இளைஞர்கள். பழுது பார்க்கும் பையன்களும் அப்படியே. ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டில் லீவர் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த ஹேண்ட் கியர் வண்டியில் கை வைத்ததும், தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை ஒன்றுவிடாமல் செய்கிறார்கள்.

கிளட்ச் மிதிக்காமல் கியர் போடுவது, ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் கிளம்புவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும். வண்டி சொல்லிக்கொடுக்காத தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். முன்பக்கம் மூன்று பேர் உட்காரும் நீள இருக்கை வேண்டும் என்பதற்காகத் தரையிலிருந்த லீவரை ஸ்டீயரிங் தண்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் கியர் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. லீவரை உங்கள் பக்கம் இழுத்தாலோ தள்ளினாலோ எந்த ஜோடி கியர் என்பது தேர்வாகிறது. மேலும் கீழும் அசைத்தால் அந்த ஜோடியில் ஒன்று விழுகிறது. இந்த இரண்டு அசைவும் ஸ்டீயரிங் தண்டை ஒட்டிய ஒரு நீளக் கம்பி வழியாகக் கீழே இறங்கி, அடியில் இருக்கும் கைகளுக்கு (சிறு நெம்புகோல்களுக்கு) மாறி, அங்கிருந்து இணைப்புக் கம்பிகள் வழியாகக் கியர் பாக்ஸைச் சேர்கிறது. சில வண்டிகளில் ஒரு கம்பி தேர்வுக்கு, ஒரு கம்பி மாற்றத்துக்கு. சிலவற்றில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கம்பி. எப்படி இருந்தாலும் வழியெங்கும் புஷ் (துளைக்குள் பின்னைத் தாங்கும் சிறு குழல்), பின், பந்து மூட்டு. ஒவ்வொன்றிலும் இம்மியளவு தேய்மானம் என்றாலும், லீவர் முனைக்கு வரும்போது அது பெரிய ஆட்டமாக வந்து நிற்கும்.

லீவரைக் குறுக்காக இழுப்பது

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது லீவரை ஒரே மூச்சில் கோணலாக இழுக்கிறார்கள். தரை கியரில் அது ஓரளவு நடக்கும், இங்கே நடக்காது. முதலில் நியூட்ரலுக்கு வர வேண்டும். பிறகு லீவர் அடுத்த ஜோடியின் தளத்துக்கு மாற வேண்டும். அதன் பிறகுதான் கியர். நடுவில் ஒரு கணம் கை ஓய வேண்டும். கோணலாக இழுக்க இழுக்க, தண்டின் அடியில் உள்ள தேர்வுக் கையின் விளிம்பு மழுங்கிக்கொண்டே வரும். ஒருநாள் ஒரு ஜோடியை முழுதாக விடாமலே அடுத்த ஜோடியைப் பிடிக்கும். கியர் சிக்கிக்கொள்வது அப்போதுதான்.

ஓட்டும்போது லீவர் மேலேயே கையை வைத்திருப்பதும் வேண்டாம். அந்தக் கனம் கம்பி வழியாகக் கீழே இறங்கி, உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும்.

உருளும்போதே முதல் கியர்

பழைய அம்பாசிடரின் நான்கு கியர் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பல் கடிக்காமல் கியர் சேர, சுழலும் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது. எல்லாக் கியருக்கும் சிங்க்ரோ உள்ள வண்டியில் பழகிய கை இதை மறந்துவிடுகிறது. நம் ஊர்ப்பக்கம் வயல் சாலையிலிருந்து ஆற்றங்கரைச் சாலைக்கு ஏறும் இடங்கள் நிறைய. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று எந்தக் கரைக்குப் போனாலும் சின்னதாக ஒரு செங்குத்து மேடு இருக்கும். பாதி மேடு ஏறிய பிறகு இழுவை போதாமல் முதல் கியரைத் திணிப்பார்கள். உள்ளே பல் கடிக்கும் சத்தம் கரைக்கு அந்தப்பக்கம் வரை கேட்கும். மேட்டின் அடியிலேயே நிறுத்தி, முதல் கியரைப் போட்டு ஏறுங்கள்.

கியர் விழவில்லை என்றதும் கியர் பாக்ஸை இறக்குவது

என்னைப் பட்டறையில் வாய்விட்டுத் திட்ட வைக்கும் தவறு இதுதான். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருவாரூர் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் டீசல் அம்பாசிடரைக் கொண்டுவந்தார். மூன்றாவது கியர் விழவில்லை. சில நேரம் மூன்றைத் தேடினால் முதல் கியர் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குமுன் வேறொரு பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கி, சிங்க்ரோ வளையம், பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்றியிருக்கிறார்கள். திறந்ததுதான் திறந்தோம் என்று கிளட்ச் பிளேட்டும் புதிது. மாட்டிப் பார்த்தால் பழைய குறை அப்படியே இருக்கிறது. மறுபடி இறக்கியிருக்கிறார்கள். மறுபடி அதே குறை. வண்டியை விற்றுவிடலாமா என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

பானெட்டைத் திறந்துவைத்து, "தம்பி, எஞ்சின் வேண்டாம். உள்ளே உட்கார்ந்து லீவரை மட்டும் மெதுவாக அசைத்துக் காட்டுங்கள்" என்றேன். தண்டின் அடிப்பகுதியில் விளக்கு அடித்துப் பார்த்தேன். மேலே லீவர் இரண்டு விரல் அகலம் நகர்ந்த பிறகுதான் கீழே கை அசையவே தொடங்கியது. பின்னைக் கழற்றினால், நடுவில் இடை சிறுத்துத் தேய்ந்திருந்தது. அது உட்காரும் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தது. புஷ் இருந்த இடத்தில் கறுத்துப்போன ரப்பர் துணுக்கு மட்டும்தான் மிச்சம். அந்த நிலையில் லீவர் சொல்வது கீழே போய்ச் சேரவே வழியில்லை. கியர் பாக்ஸ் பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரு பக்கத்து எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நசுங்கி வெடித்திருந்தது. இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. ஸ்டீயரிங் தண்டு பாடியோடு பிணைந்தது. கியர் பாக்ஸோ எஞ்சினோடு சேர்ந்து ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் அமுங்கினால் எஞ்சின் சாயும், எஞ்சின் சாய்ந்தால் கம்பிகளின் நீளக் கணக்கே மாறிவிடும். நின்ற நிலையில் சரியாக விழும் கியர், பாரம் ஏற்றி இழுக்கும்போது கழன்றுகொண்டால் முதலில் மவுண்டிங்கைப் பாருங்கள். மவுண்டிங்கை மாற்றாமல் கம்பியின் நீளத்தைத் திருகி ஒப்பேற்றுவது இன்னும் கெடுதல். அடுத்த மாதம் ரப்பர் இன்னும் கொஞ்சம் அமுங்கும், நீங்கள் மறுபடி திருகிக்கொண்டிருப்பீர்கள்.

லேத்தில் கடைந்த புஷ், புதுப் பின், மவுண்டிங் ரப்பர், அதன் பிறகு கம்பி சரிசெய்தல். அவ்வளவுதான் வேலை. வண்டி அன்று சாயங்காலம் நான்கு கியரும் சுத்தமாக விழுந்து ஊர் போய்ச் சேர்ந்தது.

காசு வீணானதை விடவும் எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில். நல்ல நிலையில் இருந்த கியர் பாக்ஸை அநாவசியமாகத் திறந்துவிட்டார்கள். வண்டியோடு வந்த பாகங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, தரம் தெரியாத பாகங்களை உள்ளே வைத்துவிட்டார்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. போன பாகம் போனதுதான், தொழிற்சாலையிலிருந்து இனி வராது. மேட்டடாரில் இதே தவறைச் செய்தால் சுமை இன்னும் கூடும். அது முன்சக்கரத்தில் இழுக்கும் வண்டி, எல்லாம் முன்னாலேயே நெருக்கமாகக் கிடக்கும்.

இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பல்லோடு பல் முட்டி நின்றால் வண்டியை ஓர் அடி தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். அணைத்திருக்கும்போது நன்றாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். பெடல் ஆட்டத்தையும், ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். அணைத்திருக்கும்போதும் விழவில்லை என்றால், இணைப்புக் கம்பிகளைக் கியர் பாக்ஸ் பக்கத்தில் கழற்றிவிட்டு, அங்குள்ள கைகளை நேரடியாகக் கையால் அசையுங்கள். ஒவ்வொரு கியரும் 'டக்' என்று உட்கார்ந்து 'டக்' என்று வெளியே வந்தால், உள்ளே ஒன்றுமில்லை. கோளாறு முழுவதும் வெளியேதான்.

கம்பியைக் கழற்றிய பிறகும் கை நகரவில்லை, வடித்த எண்ணெயில் உலோகத் தூள் மின்னுகிறது, எல்லாம் சரிசெய்த பிறகும் இழுவையில் கியர் கழல்கிறது என்றால் மட்டும் இறக்குங்கள். அதுவரை ஜாக்கியைத் தொட வேண்டாம்.

சிக்கிய கியரோடு மல்லுக்கட்டுவது

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நின்ற அனுபவம் இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் இருக்கும். முகூர்த்த நாள் ஒன்றில் அங்கே வரிசையில் நின்றது ஒரு கல்யாண அம்பாசிடர். கேட் திறந்ததும் பின்னாலிருந்த பஸ்கள் ஹாரன் அடிக்க, ஓட்டுநர் பதற்றத்தில் லீவரை இழுத்ததில் கியர் சிக்கிவிட்டது. லீவர் எங்கும் போகவில்லை. அவர் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கியதில் லீவரின் கழுத்தில் இருந்த பின் முறிந்து, லீவர் கையோடு வந்துவிட்டது. மணப்பெண் வேறு காரில் போக வேண்டியதாயிற்று.

சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். எஞ்சினை அணையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பானெட்டைத் திறந்து தண்டின் அடியில் இருக்கும் கைகளைப் பாருங்கள். ஒன்று நடுவில் இல்லாமல் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். அதைக் கையால் நியூட்ரலுக்குத் தள்ளினால் லீவர் விடுபடும். உள்ளேயிருந்து லீவரை ஒருவர் லேசாகப் பிடித்துக்கொண்டால் இன்னும் சுலபம். பழைய டாக்சி ஓட்டுநர்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. ஆனால் அடிக்கடி செய்ய வேண்டியிருந்தால், மேலே சொன்ன தேய்மானம் முற்றிவிட்டது என்று பொருள்.

ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி

வேண்டாம். மூட்டுப் பின் கழலாமல் காப்பது ஸ்பிளிட் பின்தான். அது இல்லையென்றால் நடுரோட்டில் இணைப்புக் கம்பி கழன்று தொங்கும்.

லாக் நட்

இணைப்புக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்த பிறகு, அது மாறாமல் பிடித்துக்கொள்ளும் இந்த நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

சேற்றின் மேல் கிரீஸ் பூசுவது

நாற்று நடும் காலத்தில் வயல் வரப்பு வரை போய்வரும் வேன்களின் அடியில் களிமண் அப்பிக் காய்ந்திருக்கும். அதன் மேலேயே கிரீஸைப் பூசினால் மண்ணும் கிரீஸும் சேர்ந்து உப்புத்தாள் போலப் பின்னைத் தேய்த்துவிடும். டீசலில் தூரிகையை நனைத்துக் கழுவி, காயவைத்து, பிறகு பூசுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. அங்கே மூட்டுகளை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

எண்ணெயை மாற்றி ஊற்றுவது

சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்கு ஊற்றும் கடும் அழுத்த எண்ணெயையே கியர் பாக்ஸுக்கும் ஊற்றிவிடுகிறார்கள். அதில் சேர்க்கப்படும் கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும். வண்டிக் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள்.

ரிவர்ஸ்

வண்டி முழுதாக நின்ற பிறகுதான்.

கழற்றிய புஷ்ஷைத் தூக்கி எறிவது

இந்த வண்டிகளுக்குப் புஷ் கடையில் கேட்டதும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அளவு சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ லேத் பட்டறையில் கொடுத்துப் பித்தளையில் கடைந்துகொள்வது நல்லது. கழற்றிய பழையதை எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வைத்திருங்கள். நீளமும் வெளிவட்ட அளவும் அதில்தான் கிடைக்கும். உள்வட்டத்துக்கு மட்டும் அதை நம்பாதீர்கள், அது தேய்ந்து பெரிதாகியிருக்கும். புதுப் பின்னையும் கூடவே கொண்டுபோங்கள். டர்னர் உள்வட்டத்துக்கு அளவெடுக்க வேண்டியது அந்தப் பின்னில்தான்.