நீச்சல் குளத்து ஓரக் கல் ஆடுகிறதா?

பழைய நீச்சல் குளத்தில் நீர்மட்டத்தை ஒட்டிய டைல்ஸை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் பிடிப்பு இருக்கிறது. 'டொக்'கென்று உள்ளே காலியாகக் கேட்டால், இன்று விழாவிட்டாலும் சீக்கிரம் விழும். சாக்பீஸால் குறி போட்டுவையுங்கள்.

இதற்காகக் குளத்தை முழுக்க வடிக்க வேண்டாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியிருந்தால், காலிக் குளத்தையே அது கீழிருந்து தூக்கிவிடக்கூடும். டைல்ஸ் வரிசைக்கு அரை அடி கீழே தண்ணீர் இறங்கினால் போதும்.

பழைய கலவையைக் கொத்தி எடுத்து, தூசி போகக் கழுவி, நீச்சல் குளத்துக்கு ஏற்ற பாலிமர் கலந்த டைல் பசையால் ஒட்டுங்கள். வெறும் சிமென்ட் பாலே போதும் என்பார் கொத்தனார், கேட்காதீர்கள். இடுக்குக்கு எபாக்சி கிரவுட். பசைப் பையில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடிந்த பிறகே தண்ணீர் ஏற்றுங்கள்.

பலரும் கோட்டை விடுவது ஓரக் கல்லுக்கும் நடைதளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். அதைச் சிமென்ட்டால் அடைத்திருந்தால், வெயிலில் விரியும் தளம் கல்லைக் குளத்துப் பக்கம் தள்ளும். கல் ஆடும், கீழே டைல்ஸ் உதிரும். அந்தச் சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, ஃபோம் கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள்.