ஒயினைச் சுவைத்து எழுதுவது எப்படி: எதை இப்போதே குடிக்கலாம், எதை எடுத்து வைக்கலாம்?

அல்சூரில் எங்களுக்கு மேல்மாடி வீடு. பெங்களூரு குளிர்ந்த ஊர்தானே என்ற தைரியத்தில் நல்ல ரெட் ஒயின் ஒன்றைப் பரணில் ஏற்றி வைத்தேன். இரண்டு ஏப்ரல் கழித்து இறக்கினால் கார்க் ஒரு நூல் வெளியே தள்ளியிருந்தது. வாயில் வைத்தால் அடிபிடித்த ஜாம். வைத்த இடமும் தப்பு, அது வைக்கத் தக்க ஒயின்தானா என்று முதலில் சுவைத்துப் பார்க்காததும் தப்பு. இடத்தைக் கடைசியில் பார்ப்போம்.

1. ஏற்பாடு

சாப்பாட்டுக்கு முன்னால் உட்காருங்கள். ஃபில்டர் காபி குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஊதுபத்தி, மல்லிகைப்பூ, தாளிப்பு வாசனை எதுவும் பக்கத்தில் ஆகாது. அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ், வெள்ளைத்தாள், துப்ப ஒரு டம்ளர் போதும். (துப்ப வெட்கப்படாதீர்கள், இதையே தொழிலாகச் செய்பவர்களும் துப்பத்தான் செய்கிறார்கள்.) ரெட் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி சரி. நம் வீட்டுச் சூட்டுக்கு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

பழக, நந்தி மலைப் பக்கத்து க்ரோவர் ஸாம்பா ஒயின் நிறுவனத்தின் லா ரிசர்வ் நல்ல பாட்டில். கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை வகைகளின் ஒயினைக் கலந்து ஓக் மரப் பீப்பாயில் வைத்து எடுப்பது.

2. நிறம்

கிளாஸைத் தாளுக்கு மேலே சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா ஓடினால் இளசு, செங்கல் நிறம் என்றால் வயதாகிவிட்டது. வெள்ளை ஒயினுக்கு வயது ஏற ஏற நிறமும் ஏறும். அடர்ந்த நிறம் இருந்தால் நாள்பட நிற்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். இத்தாலியின் பரோலோ என்ற ரெட் ஒயின் பார்க்க வெளிறித்தான் இருக்கும். ஆனால் சட்டப்படி 38 மாதம் முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும், அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் தாங்கும்.

3. மணம்

ஆட்டாமல் ஒருமுறை, சுழற்றிவிட்டு ஒருமுறை முகருங்கள். புத்தகங்கள் பிளாக்கரண்ட் பழ வாசனை என்கின்றன. நான் அந்தப் பழத்தை மரத்தில் பார்த்ததில்லை, செடியிலும் பார்த்ததில்லை. நாவல்பழம் என்று எழுதுங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? ஷிராஸில் மிளகு வரும், பீப்பாயிலிருந்து கிராம்பும் சில சமயம் தேங்காயும் வரும். முதிர்ந்த ஒயினில் தோல் செருப்பு, காளான், நனைந்த சருகு. நனைந்த அட்டைப்பெட்டி நெடி அடித்தால் கார்க் கெட்டது, அதோடு நிறுத்திவிடலாம்.

4. வாய்

எல்லாத் தீர்ப்பும் இங்கேதான். முதல் தடவை என் நண்பன் முகத்தைச் சுளித்து, “மச்சான், கசக்குதுடா” என்றான். “கசக்கலடா, துவர்க்குது” என்றேன். துவர்ப்பைத் தரும் பொருளுக்கு இங்கிலீஷில் டேனின் என்று பெயர் சொல்லி வகுப்பே எடுப்பார்கள். நமக்கோ பாக்கு மென்ற வாய், அறுசுவையிலேயே துவர்ப்பு இருக்கிறது.

இருந்தும் புளிப்போடு குழம்பும். அதனால் ஒயினுக்கு முன் இதைச் செய்யுங்கள்: ஒரு டம்ளரில் பாலும் சர்க்கரையும் இல்லாமல் பத்து நிமிஷம் ஊறிய டீ, இன்னொன்றில் எலுமிச்சை பிழிந்த தண்ணீர். எலுமிச்சைக்குக் கன்னத்தின் உள்பக்கம் எச்சில் ஊறும், அது புளிப்பு. டீக்கு ஈறு காய்ந்து நாக்கு சொரசொரக்கும், அது துவர்ப்பு. டேனின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வழவழப்பு போய்விடுகிறது.

இப்போது ஒயினை ஒரு வாய் எடுத்து, கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி, ஈறு வரை சுற்றவிடுங்கள். வருஷம் போகப்போகத் துவர்ப்பு மென்மையாகும், புளிப்பு அவ்வளவாக இறங்காது. ஆகவே பழச்சுவை எவ்வளவு அழுத்தமாக நிற்கிறது என்று பாருங்கள். துவர்ப்பு மட்டும் இருந்து பழம் இல்லையென்றால், அது அடங்கும் நாளில் பாட்டிலில் குடிக்க ஒன்றும் மிஞ்சாது. ரீஸ்லிங் போன்ற வெள்ளை ஒயினில் துவர்ப்பே பெரிதாக இராது, அதைப் புளிப்பு தாங்கும்.

5. முழுங்கிய பிறகு

மனசுக்குள் எண்ணுங்கள். ஐந்துக்குள் சுவை மறைந்தால் இந்த வாரமே குடித்துவிடுங்கள். பதினைந்து தாண்டினால் யோசிக்கலாம். இது என் கணக்கு. கடையில் இருப்பதில் பெரும்பகுதி சீக்கிரம் குடிக்கவே செய்தது.

6. குறிப்பு

என் நோட்டிலிருந்து ஒன்று: “விளிம்பில் ஊதா. நாவல்பழம், மிளகு, பின்னால் கிராம்பு. புளிப்பு நன்று. கொட்டைப்பாக்குத் துவர்ப்பு, ஆனால் பழம் விட்டுக்கொடுக்கவில்லை. 16 வரை எண்ணினேன். இரண்டு வருஷம் வைக்கலாம்.” “அருமை”, “சூப்பர்” எல்லாம் வேண்டாம். அடுத்த வருஷம் படித்தால் ஒன்றும் நினைவு வராது.

7. வைக்கும் இடம்

12 முதல் 14 டிகிரி, இருட்டு, அசைவில்லாத இடம். கார்க் நனைந்தே இருக்கப் பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். நம் ஊர் கோடையில் 35ஐத் தொடுகிறது, எனவே பரணும் சமையலறையும் கூடாது. வருஷக்கணக்கில் வைப்பதென்றால் சின்ன ஒயின் ஃபிரிட்ஜ் வாங்கத்தான் வேண்டும். கட்டிலுக்கடியில் தெர்மோகோல் பெட்டி சில மாதத்துக்குத்தான்.

ஒரே ஒயினில் மூன்று பாட்டில் வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒன்றை இப்போது திறந்து எழுதுங்கள், மற்ற இரண்டின் கழுத்திலும் தேதி ஒட்டுங்கள். இரண்டாவதைத் திறக்கும்போது பழைய குறிப்பை எட்டிப் பார்க்காமல் முதலில் புதிதாக எழுதிவிட்டு, அப்புறம் பக்கத்தைப் புரட்டுங்கள்.