மெல்லிய வாயுவில் இழுவிசையை அளக்கும்போது

சாதாரணக் காற்றில் இழுவிசையை (பொருளைக் கடந்து ஓடும் வாயு அதைத் தள்ளும் விசையை) அளந்து பழகியவர்கள் வெற்றிடக் கலத்துக்கு வந்ததும் பழைய சூத்திரத்தை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். முதல் சறுக்கல் அதுதான். அறை அழுத்தத்தில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதும் முன் சராசரியாகப் போகும் தூரம் 0.07 மைக்ரான். 1 பாஸ்கலில் அதுவே 6, 7 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தைப் பொருளின் அளவால் வகுத்தால் நூட்சன் எண். அது 0.01-ஐ நெருங்கும்போதே ஸ்டோக்ஸ் விதிக்கு, அதாவது சிறு கோளத்தின் இழுவிசைக்கான அந்தப் பழைய சூத்திரத்துக்கு, திருத்தம் வேண்டும். 1 மைக்ரான் எண்ணெய்த் துளிக்குச் சாதாரணக் காற்றிலேயே அந்த விதி இழுவிசையை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூட்டிச் சொல்கிறது. எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகன் அழுத்தத்தையும் துளியின் அளவையும் மாற்றி மாற்றி அளந்து, திருத்தத்தைத் தன் துளிகளிடமிருந்தே எடுத்தார். அதுதான் சரியான வழி.

பலர் யோசிக்காமல் விடுவது தாங்கு கம்பி. 6 மில்லிமீட்டர் கோளத்தை 0.1 மில்லிமீட்டர் கம்பியில் தொங்கவிட்டு, கம்பியில் 10 சென்டிமீட்டர் வாயு ஓட்டத்துக்குள் நிற்கிறது என்று வையுங்கள். கோளத்தின் முகப்பரப்பு (ஓட்டத்துக்கு எதிரே நிற்கும் பரப்பளவு) 28 சதுர மில்லிமீட்டர், கம்பியுடையது 10. மூலக்கூறுகள் தனித்தனியாக வந்து மோதும் நிலையில் இழுவிசை பெரும்பாலும் முகப்பரப்போடுதான் போகும். அப்படியானால் கம்பி தின்னும் பங்கு சிறியதல்ல. கம்பியை மறைக்க வேண்டும், இல்லையென்றால் கோளம் இல்லாமல் தனியாக ஒருமுறை அளக்க வேண்டும்.

அப்புறம் வெப்பம். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் ஒளி பட்டால் சுழலும் க்ரூக்ஸ் ரேடியோமீட்டரின் இறக்கைகளைச் சுழற்றும் அதே விசை, இழுவிசையை அளக்கும் உங்கள் முறுக்குத் தராசையும் (கம்பி முறுக்கிக்கொள்வதை வைத்து விசையைக் காட்டும் தராசு) திருப்பும். பொருளின் ஒரு பக்கத்தில் விளக்கொளியோ லேசரோ பட்டுச் சூடேறினால் போதும். ஓட்டத்தை நிறுத்தி, அதே அழுத்தத்தில், அதே விளக்கோடு தராசைப் பாருங்கள். முள் நகர்ந்தால் அது இழுவிசை அல்ல.

பிரானி மானி (சூடான கம்பியிலிருந்து வாயு கடத்தும் வெப்பத்தை வைத்து அழுத்தத்தைச் சொல்லும் கருவி) காட்டும் எண்ணையும் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. நைட்ரஜனுக்கு அளவுதிருத்திய மானியில் ஆர்கானை விட்டால் உண்மை அழுத்தம் காட்டுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

கடைசியாக, பொருளின் மேற்பரப்பு. மோதும் மூலக்கூறு கண்ணாடியில் பட்ட ஒளிபோலத் தெறிக்கிறதா, பரப்பின் வெப்பநிலைக்கு வந்து எல்லாப் பக்கமும் கிளம்புகிறதா என்பதைப் பொறுத்து விடை மாறும். செயற்கைக்கோள்களுக்கு வழக்கமாகப் போடும் 2.2 என்ற இழுவைக் கெழுவிலும் (அடர்த்தி, வேகம், முகப்பரப்பிலிருந்து இழுவிசையைக் கணக்கிடப் பெருக்கும் எண்) இந்த அனுமானம் இருக்கிறது. அதை மாறிலியாக வைத்து மேல்வளிமண்டல அடர்த்தியைக் கணக்கிட்டால், கெழுவின் பிழை முழுவதும் அடர்த்தியில்தான் போய் உட்காரும்.