சமதளம்தானே என்று கிளம்பலாமா? லுவார் பள்ளத்தாக்கின் கோட்டை வழிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் மிக நீளமான ஆறு லுவார். அதன் கரையில் ஸுல்லி-சுர்-லுவார் ஊருக்கும் ஷலோன் ஊருக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலக மரபிடமாக அறிவித்தது. திராட்சைத் தோட்டங்கள், ஓக் காடுகள், வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரைமேடுகள், வெண்கல் வீடுகள் கொண்ட சிற்றூர்கள், இவற்றுக்கு நடுவே கோட்டைகள் என்று அமைந்த இந்த நிலத்தில் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. பாட்டியும் பேரப்பிள்ளையும் சேர்ந்து நடக்க இதைவிட நல்ல இடத்தை நான் கண்டதில்லை. ஆனால் ஆல்ப்ஸ் மலைக்குப் புறப்படும்போது வரைபடம், குடிநீர், வானிலை என்று ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறவர்கள்கூட, லுவாருக்கு வரும்போது "சமதளம்தானே" என்று எதையும் பாராமல் கிளம்பிவிடுகிறார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லிலிருந்து பிறப்பவை. சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதல் தவறு, கோட்டைகளை எண்ணிக்கையாகப் பார்ப்பது. காரில் செல்பவர் காலையில் ஷாம்போர், மதியம் ஷெவெர்னி, மாலையில் ப்ளுவா என்று மூன்றையும் பார்த்துவிடலாம். நடப்பவருக்கு ஷாம்போரிலிருந்து ஷெவெர்னிக்குப் போவதே ஏறத்தாழ ஒரு நாள் வேலை. தவிரவும், கோட்டைக்குள் செல்வதும் நடைதான் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 1519-ல் முதலாம் பிரான்சுவா மன்னர் கட்டத் தொடங்கிய ஷாம்போரில் 400-க்கும் மேற்பட்ட அறைகளும் 282 கணப்படுப்புகளும் இருக்கின்றன. ஏறுபவரும் இறங்குபவரும் சந்தித்துக்கொள்ளாதபடி ஒன்றையொன்று சுற்றிச் செல்லும் அதன் இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஏறி மேல்மாடத்தை அடைந்து, புகைபோக்கிகளுக்கும் கோபுரங்களுக்கும் இடையே சுற்றி வருவதற்கே ஒரு மணி நேரம் வேண்டும். இருபது கிலோமீட்டர் நடந்து களைத்துப் போய் உள்ளே நுழைகிறவரின் கண், சிற்பத்தைத் தேடாமல் உட்கார இடத்தைத்தான் தேடும். எனவே கோட்டை பார்க்கும் நாளில் நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஷாம்போருக்கு என்றால், ஆற்றங்கரையில் உள்ள ஸான்-தியே என்ற ஊரிலிருந்து காலையில் புறப்படுவதையே நான் பரிந்துரைப்பேன். தொலைவு சுமார் ஐந்து கிலோமீட்டர். கோட்டைக்கான கற்கள் படகில் வந்து இறங்கிய துறை அந்த ஊர்தான். அங்கிருந்து வண்டிகளில் அவை போன திசையிலேயே நாமும் நடந்து போய், மரங்களுக்கு மேலே கோபுர முனைகள் தலைகாட்டுவதைக் காண்பது பேருந்து நிறுத்தத்தில் இறங்கிப் பார்ப்பதைப் போன்றதன்று.

ஷாத்தோ என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கோட்டை என்று தமிழில் எழுதிவிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. போருக்காகக் கட்டிய அரணுக்கும், வேட்டைக்கும் விருந்துக்கும் கட்டிய மாளிகைக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். நடப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் அரண்கள் உயரத்தில் இருக்கும். 1429-ல் ஜோன் ஆஃப் ஆர்க், பிரான்சின் மன்னராக முடிசூடவிருந்த ஏழாம் சார்லஸைச் சந்தித்த ஷினோன் கோட்டை, வியென் ஆற்றை நோக்கிய ஒரு முகட்டின் மேல் நிற்கிறது. ஊரிலிருந்து அதற்குப் போகும் கற்பாதைகள் செங்குத்தானவை, மழை நாளில் வழுக்கக்கூடியவை. அம்புவாஸிலும் ஏற்றம் உண்டு. அஸே-லெ-ரிதோ, ஷெனோன்சோ போன்ற மாளிகைகளோ தண்ணீரை ஒட்டித் தாழ்வான இடத்தில் அமைந்தவை. முழங்கால் வலி உள்ளவரை அழைத்துச் செல்வதானால், படங்களைப் பார்த்து முடிவு செய்யாமல் இதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஷெனோன்சோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வருகிறவர்களில் மிகப் பலர் ரயில் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் நுழைவுச்சீட்டு வாசலுக்குப் போய், உள்ளே பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பிவிடுகிறார்கள். ஷெர் ஆற்றின் எதிர்க்கரையில் செல்லும் பாதையைத் தவறவிடுவது பெரிய இழப்பு. இரண்டாம் ஹென்றி மன்னரின் காதலி தியான் தெ புவாத்தியே கட்டுவித்த பாலமும், அதன்மேல் அவருடைய அரசி கத்தரீன் தெ மெதிச்சி எழுப்பிய, ஏறக்குறைய 60 மீட்டர் நீளமுள்ள மாடமும் தண்ணீரில் நிழலாக விழுவதை முழுமையாகக் காண அந்தக் கரைக்குத்தான் வர வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதியையும் பிடிக்காத பகுதியையும் பிரித்த எல்லைக்கோடு இந்த ஆற்றின் வழியே ஓடியது. மாளிகையின் முன்வாசல் ஒரு பக்கத்திலும், மாடத்தின் தென்கதவு மறு பக்கத்திலும் இருந்தன. அந்தக் கதவின் வழியாகத் தப்பிப் போனவர்கள் உண்டு என்பதை அறிந்து அந்தக் கரையில் நிற்கும்போது, அழகான கட்டடம் என்ற எண்ணம் வேறொன்றாக மாறுகிறது.

அடுத்தது வழிக்குறிகளைச் சரியாகப் படிக்காதது. 1947-ல் ஒர்லியோன் அருகே தொடங்கிய ஜி.ஆர். 3 என்ற நெடுநடைப் பாதைதான் பிரான்சில் இவ்வகையில் முதலாவது. அது லுவாரையொட்டிச் செல்கிறது. வெள்ளைப் பட்டையும் அதன் கீழ் சிவப்புப் பட்டையும் நெடும்பாதைக்கு, மஞ்சளும் அதன் கீழ் சிவப்பும் ஒரு வட்டாரத்தைச் சுற்றி வரும் பாதைக்கு, மஞ்சள் மட்டும் இருந்தால் உள்ளூர்ச் சிறுநடைக்கு. இரு பட்டைகள் பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டினால், அது நம் வழியன்று என்று பொருள். ஓர் அக்டோபர் மாலையில், பேச்சு சுவாரசியத்தில், ஓக் மரமொன்றில் பாசி பாதி மூடிய அந்தப் பெருக்கல் குறியைக் கவனிக்காமல் இரண்டு கிலோமீட்டர் தவறான திசையில் போய், இருட்டில் திரும்பி வந்தேன். பத்து நிமிடம் நடந்தும் எந்தக் குறியும் தென்படவில்லையென்றால், கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்குத் திரும்புவதே நல்லது. சொலோஞ் காட்டுப் பகுதியில் கைப்பேசி சமிக்ஞை பல இடங்களில் கிடைப்பதில்லை. 1:25,000 அளவுள்ள காகித வரைபடம் கையில் இருக்கட்டும்.

ஷாம்போர்ப் பூங்காவில் வரைபடம் இருந்தும் ஏமாறுகிறவர்கள் உண்டு. 5,440 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டை 32 கிலோமீட்டர் நீள மதில் சூழ்ந்திருக்கிறது. வாசல்கள் ஆறு மட்டுமே. குறுக்கே புகுந்து வெளியேறிவிடலாம் என்று நினைத்தால் மதிலில்தான் முட்டிக்கொள்வீர்கள். காட்டின் பெரும்பகுதி பொதுமக்களுக்குத் திறந்ததும் அன்று.

இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் வேட்டையை மறந்துவிடுகிறார்கள். செப்டம்பர் தொடங்கி பிப்ரவரி இறுதி வரை பொதுவாக வேட்டைப் பருவம். பாதையோரத்தில் "ஷாஸ் ஆன் கூர்" என்ற பலகையைக் கண்டால் வேட்டை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பொதுவழிதானே என்று உரிமை பேசாமல் வேறு பாதையில் செல்லுங்கள். பழுப்பும் பச்சையுமான உடை வேண்டாம். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் அணியுங்கள்.

உணவு விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி இடறுகிறார்கள். சிற்றூர் உணவகங்கள் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைதான் மதிய உணவு தரும். இரண்டரைக்குப் போய் நின்றால் காப்பிதான் கிடைக்கும். ஞாயிறு பிற்பகலிலும் திங்களிலும் பல ஊர்களில் ரொட்டிக் கடைகூடத் திறந்திருக்காது. முந்தைய ஊரிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். மலர்களுக்கு ஊற்றுவதற்காக வாசலருகே ஒரு குழாயும், அதன் கீழ் பச்சை நிறப் பூவாளிகளும் இருப்பது வழக்கம். "நோன் போத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் அந்த நீர் குடிக்க உதவாது. கரைமேட்டுப் பாதைகளில் நிழலே கிடையாது என்பதால், கோடையில் இரண்டு லிட்டர் இல்லாமல் புறப்படாதீர்கள்.

திரும்பும் பேருந்தை உறுதி செய்யாமல் நடக்கத் தொடங்குவதும் வீண் தொல்லை. கிராமப் பேருந்துகளில் பல, பள்ளி நாள்களில் மட்டுமே ஓடுபவை. அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள குறிப்பைப் படிக்க வேண்டும். அதுபோலவே, மாளிகைகள் மூடும் நேரத்துக்கு முன்பே கடைசி நுழைவு முடிந்துவிடும். அரசின் பராமரிப்பில் உள்ள அஸே-லெ-ரிதோ போன்றவை ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களில் திறப்பதில்லை.

லுவாரின் மணல்திட்டுகள் கடற்கரைபோல அழைக்கும்; இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கடியில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, காலடியில் திடீரென்று ஆழம் விழும்; இந்த ஆறு பலரைக் கொண்டுபோயிருக்கிறது. வசந்த காலத்திலும் கோடையிலும் அந்தத் திட்டுகளில் ஆலாப் பறவைகள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. மிதித்த பிறகுதான் முட்டை இருந்ததே தெரியும்.

புல் உயர்ந்த பாதைகளில் உண்ணிகள் இருக்கும். முழுக்கால் சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். இரவில் முழங்காலின் பின்புறம், அக்குள், பிள்ளைகளின் தலைமுடி ஓரம் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெயோ தீயோ வைக்காமல், மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினால், அது லைம் நோயின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டி, எங்கே நடந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.